உடலுக்கும் மூளைக்கும் வைட்டமின் சி
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் படிப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது. சோதனை நெருங்கினால் தாய்மார்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், மூளைக்கு நல்லதுன்னு மருந்துக்கடையில வைட்டமின் சி மாத்திரை விக்கிறாங்களே, பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, இங்கே எல்லாருக்கும் பொதுவாகப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். நாம் வளர்க்கும் ஆடு, கோழி, நாய் எல்லாம் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. மனிதனுக்கும் குரங்குக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. நாம் வாய் வழியாகத்தான் அதைப் பெற்றாக வேண்டும். கிடைத்ததை நெடுநாள் சேமித்து வைக்கவும் உடலில் இடமில்லை. வரவு நின்றுபோனால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்திற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். ஆகவே இது மாதச் சம்பளம் போன்றதன்று, நாள் கூலி போன்றது. அன்றன்றைக்கு வந்தால்தான் அன்றன்றைக்குச் செலவுக்கு ஆகும்.

வராவிட்டால் என்ன ஆகும்? சரித்திரம் சொல்கிறது. 1498-இல் கோழிக்கோட்டை வந்தடைந்த வாஸ்கோ ட காமாவின் கப்பல்களில் மாலுமிகள் பலர், அந்த நெடும் பயணத்தில் ஈறு வீங்கி, உடல் சோர்ந்து மாண்டார்கள். அதுதான் ஸ்கர்வி என்னும் நோய். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயாளிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான வைத்தியம் செய்து பார்த்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் ஆறே நாளில் தேறினார்கள். அந்தப் பழத்தில் இருந்த பொருள் இன்னதென்று உலகம் அறிய மேலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அதைப் பிரித்தெடுத்த ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி 1937-இல் நோபல் பரிசு பெற்றார். ஆய்வுக்குத் தேவையான அளவு அது அவருக்குக் கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? அவர் ஊரில் விளைந்த சிவப்பு மிளகாயிலிருந்து!

சரி, இது உடலில் என்ன வேலை செய்கிறது? பால் வெட்டும் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்ட வெட்ட முனை மழுங்கும். தீட்டுக்கல்லில் தீட்டினால் மறுபடி வெட்டும். நம் உடலில் என்சைம் என்னும் நுண்ணிய வேலையாட்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கையில் இரும்பும் சிலர் கையில் செம்பும் கத்தி போல் இருக்கின்றன. வேலை செய்யும்போது அவை மழுங்கிப் போகின்றன. அவற்றைத் தீட்டிக் கொடுக்கும் கல்தான் வைட்டமின் சி.

தோல், ஈறு, எலும்பு, ரத்தக் குழாய் ஆகியவற்றை இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொல்லாஜென் என்னும் நார். தீட்டுக்கல் இல்லையென்றால் இந்த நாருக்கு முறுக்கேறாது. பழைய புண்கூட ஆறாமல் நிற்கும். அமெரிக்காவில் ஜான் கிரான்டன் என்ற மருத்துவர் 1939-இல் வைட்டமின் சி இல்லாத உணவையே உண்டு தம்மைத் தாமே சோதித்தார். மூன்றாம் மாதம் உடலில் கீறிய காயம் ஆறிவிட்டது. ஆறாம் மாதம் கீறியது ஆறவில்லை. கத்தியோடும் செம்பனை முள்ளோடும் பாடுபடும் நம் மக்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மூளைக்கு வருவோம். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி மூளையில் இருக்கிறது. உடல் முழுவதும் பஞ்சம் வந்தாலும் மூளை தன் பங்கைக் கடைசி வரை பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசிக் கவளத்தைப் பிள்ளைக்கென்று எடுத்து வைக்கும் தாயைப் போல, உடல் மூளையைக் காப்பாற்றுகிறது. ஏன் அப்படி? மூளையின் எடை உடலில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் பிராணவாயுவில் சுமார் 20 பங்கை அது செலவழிக்கிறது. அடுப்பு அதிகம் எரிந்தால் புகையும் அதிகம். அந்தப் புகை போன்ற கழிவுகள் மூளையை அரிக்காமல் வைட்டமின் சி தடுக்கிறது. மேலும் நம்மை விழிப்பாகவும் கவனமாகவும் வைக்கும் நோரட்ரினலின் என்ற பொருளை உண்டாக்க அதே தீட்டுக்கல் வேண்டும். அதனால்தான் குறைவு ஏற்படும்போது, ஈறில் ரத்தம் வருமுன்பே அசதியும் சிடுசிடுப்பும் மனச்சோர்வும் வருகின்றன.

அப்படியானால் மாத்திரை தின்ற பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிடுமா? வராது! குறைந்தால் கெடுதல் உண்டு. ஆனால் நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழிந்துதான் போகும். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் அதில் பாதிகூட உடலில் ஒட்டாது. ஒட்டியதிலும் மிச்சம் சிறுநீரில் போகும். பெரியவர்களே 2000-ஐத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம், சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம். பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. சளி பிடிக்காமல் இது தடுக்கும் என்பதும் சாதாரண மக்கள் விஷயத்தில் மெய்ப்படவில்லை. தினமும் உட்கொண்டு வந்தால் சளி சற்று முன்னதாக விடும், அவ்வளவுதான்.

வேண்டியது எவ்வளவு? பெரியவருக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் போதும். சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதியளவு. புகை பிடிப்பவர்களுக்குக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் புகை அதைத் தின்றுவிடுகிறது. இப்போது கணக்குப் பாருங்கள். 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம், பப்பாளியில் 60. நம் கொய்யாவிலோ 200-க்கும் மேல்! வீட்டுக்குப் பின்னால் கொய்யாவை அணில் தின்ன விட்டுவிட்டு, மாத்திரைக்கு மருந்துக்கடை ஏறுவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆரஞ்சு நிறத்தில் விற்கும் கலர் தண்ணீரெல்லாம் ஆரஞ்சும் ஆகாது.

தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். கொஞ்சத் தண்ணீரில் சீக்கிரம் வேக வைத்து இறக்குங்கள். வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள். இரண்டாவது, பெண்பிள்ளைகள் சிலர் முகம் வெளிறி, வகுப்பில் துவண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ரத்தச்சோகையாக இருக்கலாம், கிளினிக்கில் காட்டிவிடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து லேசில் ரத்தத்தில் சேராது. கூடவே ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ இருந்தால் நன்றாகச் சேரும். சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் அது தடுத்துவிடும். தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

மாணவர்களே, இன்று பரிசு வாங்குபவர்களும் வாங்காதவர்களும் ஒரு வேலை செய்யுங்கள். ஆளுக்கொரு கொய்யாக் கன்றை வீட்டிலோ பள்ளித் திடலின் ஓரத்திலோ நட்டு, தண்ணீர் ஊற்றுங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளை இன்று நட்டால், ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் தன் கையாலேயே பழம் பறித்துத் தின்னலாம், தம்பி தங்கைக்கும் கொடுக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் கன்றுகளுக்கு வழிசெய்து தருமாறு இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மாத்திரைக்கு வைத்திருக்கும் காசில் பிள்ளைக்கு ஒரு நல்ல கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மூளைக்குப் பழமும் வேண்டும், படிப்பும் வேண்டும்.