பாராட்டு போதாது, பங்கு வேண்டும்



செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அமெரிக்காவில் ஹிஸ்பானிய மரபு மாதம். 1968-ல் ஒரு வாரமாகத் தொடங்கியதை 1988-ல் மாதமாக்கினார்கள். பல்கலைக்கழகமும் கம்பெனியும் "உங்கள் பங்களிப்புக்கு நன்றி" என்று போஸ்டர் ஒட்டும். கொண்டாட வேண்டாம்னு நான் சொல்ல வரல. எந்தப் பங்களிப்பைக் கொண்டாடுகிறோம் என்று கேட்கிறேன்.

1942 முதல் 1964 வரை, பிராசெரோ திட்டத்தின் கீழ் மெக்சிகோவிலிருந்து லட்சக்கணக்கானவர்களை ஒப்பந்தத்தில் வரவழைத்து வயல்களில் வேலை வாங்கினார்கள். ஆனால் 1935-ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. சங்கம் சேர்ந்தால் வேலை போகும், கேட்க நாதியில்லை. மத்திய சட்டத்தில் அந்த விலக்கு இன்றைக்கும் இருக்கு.

1965 செப்டம்பர் 8. கலிபோர்னியாவில் டெலானோ. லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு இனம் நிறுத்தினால் இன்னொரு இனத்தை இறக்கி உடைப்பது முதலாளிகளின் பழைய வேலை. இந்த முறை அது பலிக்கவில்லை. செப்டம்பர் 16, மெக்சிகோவின் சுதந்திர தினத்தன்று, மெக்சிகத் தொழிலாளர்களின் சங்கம் கூடி வேலைநிறுத்தத்தில் சேர முடிவெடுத்தது. அந்தச் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர் டோலோரெஸ் ஹுவெர்த்தா. ஐந்து வருஷம் போராட்டம், நாடு முழுக்கத் திராட்சைப் புறக்கணிப்பு. 1970-ல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1975-ல் கலிபோர்னியா, விவசாயத் தொழிலாளர்களின் சங்க உரிமையைச் சட்டமாக்கியது. போஸ்டரில் போட வேண்டிய பங்களிப்பு இதுதான்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். டெலானோவில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, அக்டோபர் 3 அன்று, ஜனாதிபதி ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நம்மில் பலருடைய அப்பா அம்மா இந்த நாட்டுக்குள் வந்த கதவு அது. அதே சட்டம்தான் மெக்சிகோ உள்ளிட்ட அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கு, முதல்முறையாக, ஆண்டுக்கு 1,20,000 பேர் என்று உச்சவரம்பு வைத்தது. பிராசெரோவும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஒப்பந்தத்தோடு வந்துபோன அதே தொழிலாளி, அதே வயலுக்கு வந்தபோது, "சட்டவிரோதி" ஆனார். வயலுக்கு ஆள் தேவை குறையவே இல்லை.

"நாங்க படிச்சு, வரிசையில நின்னு வந்தோம்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சொல்லும்போது மரியாதையாகவே கேளுங்கள்: அந்த வரிசையை யார் போட்டாங்க? யாரை வெளியே தள்ளிப் போட்டாங்க?

இந்த மாதம் உங்கள் வளாகத்தில் விழா நடக்கும். போங்க, சாப்பிடுங்க, ஆடுங்க. கூடவே, அந்தச் சமையற்கட்டில் வேலை பார்ப்பவர்களுக்குச் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் நாம் எந்தப் பக்கம் நிற்போம் என்பதை இன்றைக்கே பேசி முடிவெடுப்போம். டெலானோவில் எட்டு நாள்தான் ஆச்சு.