ஒன்றுதான் வீசியதா, ஒன்றுதான் தெரிந்ததா?

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஓர் அட்டவணையை மாணவர் கையில் கொடுத்தால் அவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? அட்லாண்டிக் பெருங்கடலின் புயல் பதிவை வைத்தே இதைச் சொல்கிறேன். 1851 முதல் ஆண்டுவாரியாகத் தொகுக்கப்பட்ட பதிவு அது. அதில் 1914-க்கு நேரே ஒரே ஒரு புயல். 2005-க்கு நேரே 28.

எட்டாம் வகுப்பில் இவ்விரு எண்களையும் கரும்பலகையில் எழுதினேன். "28 மடங்கு ஆகிவிட்டது, சார்" என்றாள் ஒரு மாணவி. வகுத்தல் சரிதான். "1914-இல் எண்ணியவர் யார்?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது.

முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 ஏவப்பட்டது 1960-இல். சூறாவளியை அறிவதற்கென்றே அதற்குள் விமானம் முதன்முதலாகப் பறந்தது 1943-இல். அதற்கு முன்பு கண்டு சொன்னவை கப்பல்களும் தீவுகளும் கரையோர ஊர்களுமே. நடுக்கடலில் தோன்றி அங்கேயே அடங்கிய புயலை யாராவது அறிய வேண்டுமானால், அவ்வழியே ஒரு கப்பல் போயிருக்க வேண்டும். அது தப்பி வந்து சொல்லவும் வேண்டும்.

ஆகவே அந்த 'ஒன்று' என்பது கண்டறியப்பட்ட புயல்களின் எண்ணிக்கை. 1914 உண்மையிலேயே அமைதியான ஆண்டாக இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றே ஒன்றுதான் வீசியது என அறுதியிட்டுக் கூற இயலாது. ஆய்வாளர்கள் பழைய கப்பல் குறிப்பேடுகளையும் நாளிதழ்களையும் தேடிப் படித்து, விடுபட்ட புயல்களைப் பதிவில் சேர்த்து வருகின்றனர். செயற்கைக்கோள் காலமான 2005-இல்கூட ஒரு புயல், பருவம் முடிந்தபின் நடந்த மறுஆய்வில்தான் கணக்கில் சேர்ந்தது.

அதனால் பழைய பதிவே வீண் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. 1900-இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட சூறாவளி பதிவில் தவறவில்லை. மக்கள் நெருங்கி வாழ்ந்த கரையைத் தாக்கிய புயல்களை நூறாண்டு இடைவெளியிலும் ஓரளவு ஒப்பிடலாம். நடுக்கடல் புயல்களை அப்படி ஒப்பிட முடியாது.

புவி வெப்பமாதல் பற்றி வாதிடும்போது தமக்கு வேண்டிய இரண்டு எண்களை மட்டும் காட்டுவோர் எல்லாத் தரப்பிலும் உண்டு. நாளை நம் மாணவர் அவர்களிடம், "எப்படி எண்ணினீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

அதற்கு ஒரு எளிய செயல்பாடு: ஆண்டு, எண்ணிக்கை என்னும் இரு நிரல்களுக்கு அருகில் 'அறிந்த வழி' என மூன்றாவது நிரல் ஒன்று வரையுங்கள். கப்பல், விமானம், செயற்கைக்கோள் எனப் பிள்ளைகளே நிரப்பட்டும். பிறகு வரைபடம் வரையச் சொல்லுங்கள். கோடு ஏறும் இடங்களில் அவர்களே நின்று யோசிப்பார்கள்.