கேட்கும் துணிவு
(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



வேண்டியதைப் பிறரிடம் கேட்கும் துணிவு பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். கேட்பது என்றவுடனே நம்மிற் பலருக்கு நா எழுவதில்லை. கேட்பதும் கையேந்துவதும் ஒன்றே என்ற எண்ணம் உள்ளத்தில் ஊறிக் கிடக்கின்றது. திருவள்ளுவர் பெருமானோ ‘இரவு’ என ஓர் அதிகாரமும், ‘இரவச்சம்’ என மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். கேட்கத் தக்கவரிடம் கேட்பதில் இழிவில்லை, மானத்தை விற்றுக் கேட்பதே இழிவு என்பது இரண்டையும் சேர்த்துப் படிப்பார்க்கு விளங்கும்.

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றைப் பாருங்கள். குண்டையூரிலே நெல் மலைபோற் குவிந்திருந்தது. அதனைத் திருவாரூருக்குக் கொண்டு செல்ல ஆள் இல்லை. நாயனார் திருக்கோளிலி சென்று, நெல் இருக்கின்றது, சுமக்க ஆள் வேண்டும் என்று இறைவனிடமே கேட்டார். இன்னது குறை, இன்னது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டமையால் தம்பிரான் தோழருக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

அப்படியாயின் நமக்கு மட்டும் இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? அது நமது பிறவிக் குணமன்று. மலைநாட்டின் பழைய வாழ்க்கையே அதனைப் பழக்கிவிட்டது. பிரட்டுக் களத்தில் கைகட்டி நின்ற தொழிலாளிக்கு எதுவும் கங்காணி வழியாகவே நடந்தது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் தொகை குறித்த ‘துண்டு’ கையில் இருக்கவேண்டும். கேட்டவன் வேலையையும் லயத்து அறையையும் இழக்க நேரிடும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது.

அவ்விருளிலும் கேட்க முன்வந்தோர் இருந்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் கண்டார். அவர் போன்றோரின் குரலும் இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் சேர்ந்து, 1921இல் துண்டு முறை ஒழிந்தது. பின்னர் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டந்தோறும் சென்று, பேச்சாலும் பாட்டாலும் மக்களின் அச்சத்தைப் போக்கினர்.

கண்டிக்கு அண்மையில், ஹேவாஹெட்டைப் பகுதியிலே உள்ளது முல்லோயாத் தோட்டம். அங்கே தொழிலாளர்கள் நாட்கூலியில் சில சத உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 சனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். அது குறித்து விசாரணை ஆணைக்குழுவும் அமைந்தது. நியாயமான சில சதங்களைக் கேட்டதற்கு ஓர் உயிர் விலையாயிற்று. இன்று ஒரு விண்ணப்பத்தை நீட்டுவதற்கு நாம் கூசும்பொழுது கோவிந்தனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நம்மவரிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். உரிமையோடு கேட்கும் தகுதியும் அதனோடு போயிற்று. எஞ்சியிருந்தோர்க்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீட்டுத் தந்தது. கண்டிக் கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ தமிழில் எழுதவும் தமிழிலே பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை அளிக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ ஒரு படி மேலே செல்கின்றது. பொது அதிகார சபையிடம் தகவல் கேட்கும் பிரசை, ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதிகாரியே அதனை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறவும் வேண்டும்.

வாலிபர்களே! சட்டம் இருந்தாற் போதாது, கேட்கும் வாயும் வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். வளர்ந்த பிள்ளைக்கோ அழுகை உதவாது, சொல்லத் தெரியவேண்டும். வேண்டியது இன்னது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதைத் தரும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று விசாரியுங்கள். பணிவாகவும் நிமிர்ந்தும் பேசுங்கள். திகதியிட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னால், எதனால் இல்லை என்று கேளுங்கள். தனியே போகத் தயங்கினால் மன்றத்துத் தோழர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இரண்டு மூன்று முறை போய்வந்தால் கூச்சம் தானே குறையும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டிலே கேள்வி கேட்கும் பிள்ளையை ‘வாயாடி’ என்று அடக்காதீர்கள். பெண்பிள்ளையை இன்னும் ஒரு பங்கு கூடுதலாக அடக்காதீர்கள். மேற்படிப்பு வேண்டும் என்று தந்தையிடம் கேட்கத் துணியாத பெண், நாளை எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பாள்?

எழுதத் தெரியாத மூத்தோருக்கு மன்றத்துப் பிள்ளைகள் வாரம் ஒருநாள் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்களாயின், அதுவே சிறந்த சிவத்தொண்டாகும். பிறருக்காகக் கேட்டுப் பழகிய நாவுக்குத் தனக்காகக் கேட்பதும் எளிதாகும். அத்துணிவை நம் அனைவர்க்கும் கட்டுக்கலைப் பிள்ளையார் அருள்வாராக.