கைகொடுத்த 20 குப்பி

எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "சமயோசித புத்தி இருக்கும்போது முன்னேற்பாடு எதுக்கு?"

சர்வதேச விண்வெளி நிலையம், 400 கிலோமீட்டர் உயரம். அங்கே ஒருத்தருக்குக் கழுத்து ரத்தக்குழாயிலே ரத்தம் உறைஞ்சு நின்னுடுச்சு. 2020-ல் மருத்துவ இதழிலே வந்த விவரம் இது. கீழேயிருந்து டாக்டர் ஸ்டீபன் மோல் யோசனை சொல்றார். யோசனையை ஊசியிலே ஏத்த முடியுமா? மருந்துப் பெட்டியில் 20 குப்பி இருந்தது, பிழைச்சாங்க!

அதுவும் பத்தாது. ஒரு மாசத்துக்கப்புறம் தினசரி அளவைக் குறைச்சு, சரக்குக் கலத்தில் மாத்திரை வந்து சேர்ற வரைக்கும் இழுத்துப் பிடிச்சாங்க. எடையில்லாத இடத்திலே குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சி எடுக்கிறதே பெரும்பாடு. (நம்ம வீட்டிலே இருமல் டானிக்கே பாதி தரைக்குத்தான்!)

ரத்தக் கசிவு வந்தா நிறுத்தற முறிவு மருந்து மட்டும் அன்னிக்கு அங்கே இல்லை. கசிஞ்சிருந்தா, சகோதரி, உங்க சமயோசித புத்தி என்ன பண்ணியிருக்கும்?