அகராதிக்கு ஒதுக்கிய பணம்

(திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஓர் அரசின் உள்ளக்கிடக்கையை அதன் மேடைப்பேச்சில் தேடுதல் வீண். வரவு செலவுத் திட்டத்தில் தேடுதல் வேண்டும். எதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது? அஃது எவர் கையில் ஒப்புவிக்கப்பட்டது? இவ்விரு வினாக்களே போதும்.

ஆங்கிலராட்சி 1857-இல் நிறுவியது சென்னைப் பல்கலைக்கழகம். அதன் பெயரால் வெளிவந்ததே தமிழ்ப் பேரகராதி. அமெரிக்கச் சமயத்தொண்டர் சாண்ட்லர் பதிப்பாசிரியராக, 1913-இல் பணி தொடங்கிற்று. அரசு நல்கையை நம்பி இட்ட தொடக்க மதிப்பீடு 1,00,000 உருபா. முடிவிற் சென்றதோ ஏறத்தாழ 4,10,000 உருபா. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும், 1939-இல் பின்னிணைப்பும் வெளிவந்தன. பக்கங்கள் 4,351.

செலவு நான்மடங்கானது குற்றமன்று. கடலைப் படியால் அளக்க முற்பட்டதே பிழை. நூறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டிய உழைப்பும் பெரிதே. குறை இரண்டாம் வினாவில் உள்ளது. சொல்லின் வேர்காணும் பொறுப்பு, வடமொழியையே மூலமெனக் கொண்ட நோக்கினரிடம் சென்றது. ‘உலகம்’ என்னும் சொல்லும் ‘லோக’ என்பதன் வழியதாகக் குறிக்கப்பட்டது. தமிழன் வரிப்பணத்தில் தமிழ்ச்சொல் இரவற்சொல்லாயிற்று!

இதனை மறுத்தெழுந்தவர் எவர்? இவ்வூருக்குத் தெற்கே, இராசபாளையத்தை அடுத்த முறம்பில் பள்ளியாசிரியராய்ப் பணிதொடங்கிய தேவநேயப் பாவாணர். ‘உலவு’ என்னும் தமிழ்வேரினின்று ‘உலகு’ பிறந்தமையை அவர் காட்டினார்; பேரகராதியின் குறைகளை விளக்கித் தனிநூலும் எழுதினார்.

அவர் திறனுக்கு அரசுப்பணம் வந்து சேர்ந்தது எப்பொழுது? 1974-இல்! செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு அவர் இயக்குநரானபொழுது அகவை எழுபத்திரண்டு. 1981-இல் மறைந்தார். முதற்பகுதி அச்சேறியது 1985-இல். நாடு விடுதலை பெற்றபின் இருபத்தேழு ஆண்டுகள் காத்திருக்க வைத்ததன் விளைவு, தம் நூலைத் தாமே காணாது அறிஞர் கண்மூடியதே.

அயலாட்சி பணம் தந்து ஆளைத் தவறவிட்டது. தன்னாட்சி ஆளை அறிந்தும் காலத்தைத் தவறவிட்டது. மொழிப்பணிக்குப் பொருளும் வேண்டும், தக்கோரும் வேண்டும், அவர் வாழுங்காலத்தே அது கிட்டவும் வேண்டும்.

ஆகவே, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும்பொழுது, தமிழுக்கென்று எழுதிய தொகையைக் கேட்டவுடன் கைதட்டி அமையாதீர். அத்தொகை எவரிடம் செல்கின்றது, எந்த ஆண்டில் எந்நூல் வெளிவரும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரை எழுத்தால் வினவுங்கள். வரிகொடுப்போர்க்கு அவ்வுரிமை உண்டு.