காளைக்குச் சீட்டு இருக்கு, நாய்க்கு ஏன் இல்லை?
(ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நடந்ததைச் சொல்கிறேன். போன ஐப்பசி மழையில் எங்க ஊரில் ஒரு அக்கா வீட்டுப் பட்டிக்குள்ள ராத்திரி நாலைந்து நாய் பூந்துருச்சு. புருஷன் இல்லாத குடும்பம். மொத்தமே பதினோரு ஆடு. விடிஞ்சு பார்த்தா ஏழு ஆடு குரல்வளை கடிபட்டுக் கிடக்குது. ஒன்றையும் தின்னவில்லை, கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. தப்பித்த நாலில் ஒரு சினையாட்டுக்குப் பயத்திலேயே கரு கலைஞ்சு போச்சு.

வந்த நாய்களில் ஒன்றுக்குக் கழுத்தில் வார் கிடந்தது. அது எந்த வீட்டில் சோறு தின்கிறது என்று ஊருக்கே தெரியும். போய்க் கேட்டால், "அது எங்க நாய் இல்லப்பா, சும்மா வந்து திங்கும்" என்றார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், "நாய் யாருதுன்னு அத்தாட்சியோட வாங்க" என்றார்கள். நிவாரணம் கேட்கப் போன இடத்தில், "வார் போட்ட நாய்னா அது தெருநாய் இல்லையேம்மா" என்றார்கள். வளர்ப்பு நாய் என்றால் நிவாரணம் இல்லை. தெருநாய் என்றால் வழக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் அந்த அக்கா நிற்கிறார்.

சட்டம் இல்லையா? இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவு, பிராணியை அஜாக்கிரதையாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம் என்கிறது. ஆனால் அது மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வந்தால்தான். ஆட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. 2023ஆம் ஆண்டின் நாய் இனக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் வளர்ப்பவர் பொறுப்பு, தெருநாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு என்கின்றன. நல்லது. எது வளர்ப்பு, எது தெரு என்று எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?

உச்சநீதிமன்றம் 2025 நவம்பர் 7ஆம் தேதி பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. வரவேற்கிறோம். அந்தப் பட்டியலில் ஆட்டுப்பட்டி இல்லையே ஐயா!

நம்ம மாவட்டத்துக்காரனுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. தச்சங்குறிச்சி வாடிவாசலில் ஒரு காளை இறங்க வேண்டுமென்றால் சொந்தக்காரர் பெயர் பதிவாக வேண்டும், கால்நடை மருத்துவர் பார்த்துத் தகுதிச் சான்று தர வேண்டும். 2019 ஜனவரியில் விராலிமலையில் 1,350க்கு மேற்பட்ட காளைகள் ஒரே நாளில் இறங்கின. அத்தனைக்கும் சீட்டு எழுத முடிந்தது. ஒரு ஊராட்சியில் இருக்கிற நாய்க்குச் சீட்டு எழுத முடியாதா?

திருப்பூர், ஈரோடு பக்கம் காங்கேயம், சென்னிமலை விவசாயிகள் செத்த ஆடுகளோடு வந்து போராடினார்கள். அதன் பிறகுதான் 2025இல் தெருநாய் கடித்து இறந்தால் மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.6,000, கோழிக்கு ரூ.200 என்று அரசு அறிவித்தது. போராடாமல் எதுவும் கிடைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆறாயிரத்தை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு நல்ல சினையாடு பிடித்து வாருங்கள் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் யாரும் விஷம் வைக்காதீர்கள். அதற்கு 325ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அந்தக் கறியைத் தின்று உங்க வீட்டு நாயும் சாகும். நாமும் நாய் வளர்ப்பவர்கள்தான். ஆகவே முதல் சீட்டு நம்ம வீட்டு நாய்க்கு இருக்கட்டும். ராத்திரியில் கட்டிப் போடுங்கள். ஆடு செத்தால் புதைக்கும் முன் படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள்.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஊராட்சியிலும் நாய்ப் பதிவேடு வேண்டும். பதிந்த நாய்க்குக் கழுத்தில் எண் வில்லை.

2. வில்லை உள்ள நாய் கடித்தால் வளர்ப்பவர் இழப்பீடு தர வேண்டும். வில்லை இல்லாவிட்டால், வார் இருந்தாலும் அது தெருநாய்தான், அரசு தர வேண்டும்.

3. இழப்பீடு சந்தை விலைப்படி, ஒரு மாதத்துக்குள்.

4. ஒன்றியத்துக்கு ஒரு கருத்தடை மையம்.

5. கண்மாய்க் கரையில் கோழிக் கழிவு, இறைச்சிக் கழிவு கொட்டுபவர் மீது நடவடிக்கை. கறி ருசி பழகுவதே அங்கேதான்.

அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள். வருகிற விவசாயிகள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். அந்த அக்கா மீதமுள்ள நாலு ஆட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாம் வராமல் இருக்கலாமா?