கேட்டைத் திறந்து வையுங்கள்



இன்னும் சில வாரங்களில் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள். அன்று காலை எந்த ஊர்ப் பள்ளி வாசலில் போய் நின்றாலும் இதைப் பார்க்கலாம். மூன்றரை வயதுப் பிள்ளை அம்மாவின் சேலையைப் பற்றிக்கொண்டு கதறும். ஒரு கையை ஆயாம்மா விலக்குவார், இன்னொரு கையை வாட்ச்மேன் விலக்குவார். பிள்ளை உள்ளே, தாய் வெளியே, நடுவில் இரும்புக் கேட். "நீங்க நிக்கிறதாலதான் அழுவுறான், கெளம்புங்கம்மா. ரெண்டு நாள் அழுவான், அப்புறம் சரியாயிடும்." தாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறாள். இந்த வழக்கத்தை எதிர்த்துப் பேசத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

பிள்ளை அழுகையை நிறுத்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஏன் நிறுத்துகிறது? அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் நாம் பழகிவிட்டது என்று எழுதிக்கொள்கிறோம்.

எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் மருத்துவமனைகளும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. சிகிச்சைக்குச் சேர்த்த குழந்தையோடு தாய் தங்கக் கூடாது. பார்வை நேரமும் மிகக் குறைவு. முதலில் அழுகிற குழந்தை சில நாளில் அடங்கிவிடும், செவிலியர்கள் நிம்மதி அடைவார்கள். பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போனால் மறுபடி அழும். ஆகவே பெற்றோர்தான் தொந்தரவு என்று முடிவு கட்டினார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு கேமராவை எடுத்துப் போய், மருத்துவமனையில் எட்டு நாள் இருந்த ஒரு இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். 1952-இல் அந்தப் படத்தைத் திரையிட்டபோது மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் படம் காட்டிய உண்மையை யாராலும் மறைக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையின் அமைதி தேறிய அமைதி அல்ல, நம்பிக்கை இழந்த அமைதி. 1959-இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. நம் அரசு மருத்துவமனையில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சேர்த்தால் தாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்களா? சாத்தினால் ஊர் சும்மா இருக்குமா? பள்ளியில் மட்டும் ஏன் சம்மதிக்கிறோம்?

பள்ளியும் மருத்துவமனையும் ஒன்றல்ல, மதியமோ மாலையோ பிள்ளை வீடு திரும்பிவிடும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடு திரும்பிவிடும் என்பது நமக்குத் தெரியும். முதல் நாள் உள்ளே போகிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். காப்பகத்தில் புதிதாகச் சேர்கிற சின்னஞ்சிறு குழந்தைகளுக்கானது. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ அதே அறையில் சும்மா உட்கார்ந்திருப்பார். பிரிக்கும் முயற்சியே கிடையாது. நான்காம் நாள் சற்று நேரம் வெளியே போய் வருவார், அதிகம் போனால் அரை மணி. ஆசிரியர் சமாதானப்படுத்தி அழுகை அடங்கினால் நேரத்தைக் கூட்டுவார்கள். அடங்காவிட்டால் இன்னும் சில நாள் பொறுப்பார்கள். நாற்று நட்டால் பச்சை பிடிக்கும்வரை பொறுக்கத் தெரிந்த ஊர் நம் ஊர். பிள்ளை விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் இத்தனை அவசரம்?

"கூலிக்குப் போகிறவள் பள்ளியில் போய் உட்கார்ந்தால் அடுப்பு எரியுமா?" என்று முன்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறார். சரியான கேள்வி. தாய்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. பிள்ளைக்கு வேண்டியது பழகிய முகம் ஒன்று. அப்பத்தா வரட்டும், தாத்தா வரட்டும், சித்தி வரட்டும். அப்பா ஒரு நாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வரட்டும், அவருக்கும் அது பிள்ளைதானே? யாருமே வர முடியாத வீடும் உண்டு. அந்தப் பிள்ளைக்காகத்தான் சொல்கிறேன்: நாற்பது பேரையும் ஒரே காலையில் சேர்க்காதீர்கள். நாளுக்கு ஐந்து பேராகச் சேருங்கள். ஐந்து பேர் அழுதால் ஒரு ஆசிரியர் மடியில் தூக்கி வைக்கலாம். நாற்பது பேர் அழுதால் அவர் என்ன செய்வார், பாவம், அதட்டத்தான் செய்வார்.

அடுத்து, நாம் பேசக் கூச்சப்படுகிற ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை ஏன் பள்ளிக்கு வரமாட்டேன் என்கிறது என்று தோண்டிப் பார்த்தால், பல வீடுகளில் கழிவறையில்தான் போய் முட்டும். வீட்டில் 'ஒன்னுக்கு வருது' என்று சொல்லி வளர்ந்த பிள்ளை. வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டால்தான் அனுமதி. அந்த வாக்கியம் நாக்கில் வருவதற்குள் டிராயர் நனைந்துவிடும். மற்ற பிள்ளைகள் சிரிக்கும். மறுநாள் முதல் அந்தப் பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும், கொண்டுபோன பாட்டில் அப்படியே திரும்பி வரும். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்த தாய்மார்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! தாய்மொழியில் தன் உடம்பின் தேவையைச் சொன்ன பிள்ளையைக் காத்திருக்க வைப்பது ஒழுங்கு அல்ல, கொடுமை. பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது.

ஆசிரியர்களே, முதல் நாள் அனா ஆவன்னா வேண்டாம். கழிவறை எங்கே, குழாயைத் திறப்பது எப்படி, தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிறதா என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் அதற்கு என்ன சொல்கிறது என்று தாயிடம் கேட்டு வையுங்கள். நனைந்தால் மாற்ற ஒரு டிராயர் பையில் இருக்கட்டும். மாற்றிவிடுங்கள், ஒரு சொல் பேச வேண்டாம்.

பெற்றோரும் தப்ப முடியாது. "இரு, உன்னை ஸ்கூல்ல போட்டாதான் அடங்குவ" என்று ஏப்ரல் முழுக்க மிரட்டிவிட்டு, ஜூனில் பிள்ளை சிரித்துக்கொண்டு போக வேண்டுமா? வேடிக்கை காட்டி ஏமாற்றிவிட்டு நழுவாதீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் சொல்லிவிட்டே போங்கள். பன்னிரண்டரைக்கு வருவேன் என்றால் மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு விளங்காது. சாப்பிட்டு முடித்ததும் வருவேன் என்றால் விளங்கும். சொன்னபடி வந்து நில்லுங்கள். வாசலிலேயே "இன்னிக்கு என்ன எழுதினே, ஒப்பி" என்று ஆரம்பிக்க வேண்டாம்.

எழுத்து என்றதும் நினைவு வருகிறது. பென்சிலை அழுத்திப் பிடிக்க விரல் தேறாத வயதில் நான்கு பக்கம் வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அப்படியிருக்க எல்.கே.ஜி.க்கு எதற்கு?

இனி அரசுக்கு. நல்லதை முதலில் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பள்ளியோடு ஒட்ட வைக்கிறது. பசியோடு வந்து உட்கார்ந்த பிள்ளை இன்று பக்கத்துப் பிள்ளையோடு பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குள் போகிறது. ஆனால் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! புதிதாக வந்த பிள்ளையின் முகத்தை அவர்கள் எப்போது பார்ப்பார்கள்? 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினீர்கள். 2022-இல் நிறுத்துவதாக அறிவித்தீர்கள், எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றீர்கள். இன்று இருப்போமா நாளை போவோமா என்று தெரியாத தொகுப்பூதிய ஆசிரியர், புதுப் பிள்ளைக்கு எப்படி நிலையான துணையாக இருப்பார்? அவர்களை நிரந்தரமாக்குங்கள். முதல் வகுப்புக்கென்று தனி ஆசிரியரும் உதவியாளரும் தாருங்கள்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிப்பதற்கா அந்த இடம்? ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் புதுப் பிள்ளைகளுக்கு அரை நாள்தான் வகுப்பு. வீட்டு ஆள் ஒருவர் வகுப்பறையில் உட்காரலாம். சேர்க்கை நாளுக்கு ஐந்து பேர். கழிவறைக்குப் போக எந்த மொழியிலும், கை காட்டியும் கேட்கலாம். இதை அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து நிறைவேற்றி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு கேட்டில் ஒட்ட வேண்டும். தனியார் பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோர் பத்துப் பேராகச் சேர்ந்து, பணம் கட்டும் முன்பே தாளாளரிடம் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். தீர்மானத்தை வழிமொழிய, இந்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற தாய் ஒருவர் மேடைக்கு வாருங்கள்.